ரயில் போன பிறகும் நிற்கும் வரி

தலைச்சுமையோடு ஒருவர் வருவது தெரிந்தால் சவுரியப்பன் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார். அது டீ டம்ளராக இருக்கலாம், எண்ணெய்த் துணியாக இருக்கலாம், பெரும்பாலும் கவிதைப் புத்தகமாக இருக்கும். அந்த நேரத்தில் ரயில் எதுவும் வராது என்று அவருக்குத் தெரியும். ரயில்வே கேட்டும் திறந்துதான் இருக்கும். இருந்தும் எழுந்து போய், வடக்கே ஒரு முறை, தெற்கே ஒரு முறை பார்த்துவிட்டு, அந்த ஆளோடு சேர்ந்து தண்டவாளத்தைக் கடந்து, மறுபக்கம் விட்டுவிட்டுத் திரும்புவார். சாதாரண நாளில் இருபது முறை. சந்தை நாளில் அறுபதைத் தாண்டும்.

"நா என்னா கண்ணு தெரியாதவளா, கூட வரீங்களே?" என்று கேட்ட பெண்கள் உண்டு.

"கண்ணு தெரியுது ஆத்தா. சொமதான் மறைக்குது" என்பார்.

மொரப்பூர் நிலையத்துக்கு வடக்கே ஒன்றரை மைலில் உள்ள ரயில்வே கேட்டில் அவர் 1959ஆம் ஆண்டு முதல் வேலை பார்க்கிறார். வயது ஐம்பத்திரண்டு. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். தகப்பனார் காலம் வரை நிலத்தை நம்பிய குடும்பம். ரயில்வே உத்தியோகம் இவரோடுதான் தொடங்கியது. காக்கிச் சட்டையின் இடப்பக்கப் பையில் எப்போதும் இரண்டு அங்குலப் பென்சில் ஒன்று இருக்கும். நீளமான பென்சில் கிடைத்தாலும் உடைத்துப் பாதியை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வருவார். குனிந்து, கேட்டை ஏற்றி இறக்கும் விஞ்சுப் பிடியைச் சுற்றும்போது நீளப் பென்சில் நெஞ்சில் குத்துமாம்.

வேலை முறை இது. நிலையத்திலிருந்து தொலைபேசி மணி அடிக்கும். வண்டி கிளம்பப் போகிறது என்பார்கள். இவர் பிடியைச் சுற்றிச் சாலையின் இருபுறமும் இரும்புக் கட்டையை இறக்குவார், பூட்டுவார், திரும்பி வந்து, தம்மிடம் உள்ள தாளில் அடுத்து வரும் எண்ணைத் தொலைபேசியில் சொல்வார். கேட் மூடியாயிற்று என்பதற்கு அந்த எண்ணே சாட்சி. நிலைய அதிகாரி அதைத் தம் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். இவர் தாளில் அந்த எண்ணை அடித்துவிடுவார். அதன் பிறகுதான் ரயிலுக்கு வழிவிடும் கைகாட்டி இறங்கும்.

"ஒரு நம்பர் ஒரு தடவதாங்க. அடிச்சதத் திருப்பிச் சொன்னா அது பொய்யாயிரும்" என்பது அவர் பேச்சு. எதைப் பற்றிப் பேசினாலும் எப்படியோ இங்கே வந்து சேரும்.

ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவே கவிதை படிப்பார். கதைப் புத்தகம் அவருக்கு ஒத்துவராது. பாதியில் மணி அடித்துவிடும். கவிதை என்றால் மணிக்கு முன் ஒன்று முடியும். மொரப்பூர்க் கிளை நூலகத்தில் உள்ள கவிதை நூல்களின் கடைசிப் பக்கத் தேதிச் சீட்டைப் பார்த்தால் போதும், முக்கால்வாசி முத்திரை அவருக்காக விழுந்தவை.

கவிதையை எடைபோட அவரிடம் ஒரு முறை உண்டு. மணி அடிப்பதற்குச் சற்று முன்பு ஒரு கவிதையை மெதுவாக இரண்டு தடவை படிப்பார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டுக் கட்டையை இறக்கப் போவார். கொடியோடு நிற்பார். ரயில் அவர் சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல் கடந்து போகும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. வண்டி போய், கட்டையைத் தூக்கி, அறைக்குத் திரும்பி உட்கார்ந்ததும், புத்தகத்தைத் திறக்காமல் மனத்துக்குள் தேடிப் பார்ப்பார். எத்தனை வரி மிஞ்சியிருக்கிறதோ அத்தனை கோடுகளைத் தம் நோட்டில் போடுவார்.

"ரயிலு போனப்பறமும் நிக்குதான்னு பாக்கணும்ங்க. ரயிலோட போயிடுச்சுன்னா அது சும்மா சத்தம்."

சென்னையிலிருந்து வரும் 'கதிர்மாலை' மாத இதழ் 1966 முதல் ஆண்டுதோறும் ஒரு வாசகர் தேர்வு நடத்துகிறது. முந்தைய ஆண்டில் வெளியான கவிதைத் தொகுப்புகளில் ஐந்தின் பெயரை ஜூலை இதழில் அச்சிடுவார்கள். கூடவே ஒரு வாக்குச் சீட்டு. ஆகஸ்டு முடிவதற்குள் சீட்டை வெட்டி, பிடித்த நூலின் பெயரை எழுதி அனுப்ப வேண்டும். வெல்லும் நூலை இதழ்க்காரர்களே இரண்டாம் பதிப்பாக இரண்டாயிரம் பிரதி அச்சிட்டு, ஊர் ஊராக நூலகங்களுக்கு அனுப்புவார்கள். சீட்டின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'மேற்கண்ட ஐந்து நூல்களையும் முழுமையாகப் படித்தேன்.' அதன் கீழே கையெழுத்து.

அந்த வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்கள் நாட்டில் எத்தனை பேர் என்று தெரியாது. சவுரியப்பன் அதில் ஒருவர். ஐந்தில் நான்கு மட்டுமே நூலகத்துக்கு வந்த 1969ஆம் ஆண்டில் அவர் வாக்களிக்கவில்லை. நூலகத்து இதழில் கத்தரி வைக்கக் கூடாது என்பதால் ஆண்டில் அந்த ஒரு மாதம் மட்டும் இதழைச் சொந்தமாக வாங்குவார். வாக்களித்த ஐந்து ஆண்டுகளில் அவர் தேர்ந்த நூல் ஒரே ஒரு முறைதான் வென்றது. அதைப் பற்றி அவருக்குக் குறையில்லை.

1972 ஜூலை இதழில் வந்த ஐந்து பெயர்களில் கடைசிப் பெயர் 'புளியங்காலம்'. எழுதியவர் பெரியண்ணன். பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். தினமும் இந்தக் கேட்டைச் சைக்கிளில் தாண்டிப் பள்ளிக்குப் போகிறவர். தருமபுரி தனி மாவட்டமாகி ஏழு ஆண்டுகள் ஆகவிருந்தன. மாவட்டத்துக்காரர் ஒருவரின் நூல் அந்தப் பட்டியலில் வந்தது அதுவே முதல் தடவை.

அந்த நூலின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் சவுரியப்பன் இருக்கிறார். பெயர் இல்லை. இருந்தாலும் கேட்டைத் தெரிந்த எவருக்கும் ஆள் யார் என்று தெரியும்.

நடந்தது 1968 மார்ச் 14, வியாழக்கிழமை. சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்த சென்னம்மாள் என்ற பெண், புளிக்கூடையோடு கேட்டுக்கு வந்தாள். கட்டை இறங்கியிருந்தது. சாலையில் வேறு ஆளில்லை, வண்டியும் இல்லை. அவள் கூடையை இறக்கி, கட்டைக்கு அடியில் தள்ளி, தானும் குனிந்து உள்ளே வந்து, மறுபடி கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். சவுரியப்பன் கத்தினார். சிவப்புக் கொடியை விரித்து வீசினார். அவள் கொடியைப் பார்த்தாள். கொடி என்பது ரயிலுக்குக் காட்டுவது என்றுதான் மலையிலிருந்து வருகிற எவரும் நினைப்பார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். வந்தது சரக்கு வண்டி. என்ஜின் கூடையின் விளிம்பில் பட்டு, அவளைக் கூடையோடு தூக்கி எறிந்தது. ஓட்டுநருக்குத் தெரியவில்லை, வண்டி நிற்காமல் போய்விட்டது.

அவளுக்கு உயிர் இருந்தது. கடைசிப் பெட்டி போனதும் சவுரியப்பன் இருபுறமும் கட்டையைத் தூக்கிவிட்டு, ஏற்றிப்போக ஏதாவது வண்டி வராதா என்று சாலைக்கு ஓடினார். ஆறு நிமிடம் கழித்து அரூர் பஸ் வந்தது. அதில் முன் இருக்கையில் பெரியண்ணன் இருந்தார். அவர் கண்ட காட்சி: கேட் திறந்து கிடக்கிறது, தண்டவாளத்தின் ஓரம் ஒரு பெண் கிடக்கிறாள், புளி சிதறிக் கிடக்கிறது. அதே பஸ்ஸில் அவளை ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன் உயிர் போய்விட்டது.

விசாரணை நடந்தது. நிலையத்துப் பதிவேட்டில் இருந்த எண்ணும் நேரமும் இவருடைய தாளில் இருந்த எண்ணும் நேரமும் ஒத்துப்போயின. கேட் மூடியிருந்தது, கேட்காரர் மேல் தவறில்லை என்று தாள் வந்தது. அதை அலுவலகத்தில் கோப்பில் வைத்தார்கள். ஊரில் யாரும் அதைப் படிக்கவில்லை. மூன்று ஆண்டு கழித்து வந்த கவிதையைத்தான் படித்தார்கள்.

*திறந்து கிடந்தது வாசல்.*
*சிந்திக் கிடந்தது புளி.*
*எல்லா வண்டிக்கும் கொடி காட்டியவன்*
*இவள் நடைக்கு என்ன நிறம் காட்டினான்?*

நூல் பட்டியலில் வந்த பிறகு கேட்டில் காத்து நிற்பவர்களின் பேச்சு மாறியது. "கட்டை நல்லா பூட்டிருக்குதாங்க? புஸ்தகத்துல வேற மாதிரி போட்டிருக்குதே" என்று ஒரு லாரி டிரைவர் சிரித்துக்கொண்டே கேட்டார். "பூட்டிருக்குதுங்க. எறங்கி வந்து ஆட்டிப் பாருங்க" என்றார் சவுரியப்பன். டிரைவர் இறங்கவில்லை.

மொரப்பூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருக்கும் கஸ்பார், மாவட்டத்து மானம் என்று சொல்லிப் பெரியண்ணனுக்கு ஆதரவு திரட்டினார். கிடைத்த இடத்திலெல்லாம் இதழை வாங்கி, சீட்டுகளை வெட்டி, நூலின் பேரையும் தாமே எழுதி, கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டிருந்தார். ஆகஸ்டு நடுவில் ஒரு நாள் கேட்டுக்கும் வந்தார்.

"அண்ணா, ஒரு கையெழுத்து. உங்களுக்கு இஷ்டமில்லேன்னு தெரியும். ஆனா கேட்டுக்காரரே போட்டாருன்னா அப்பறம் ஊரு வாய மூடிக்கும் பாருங்க."

"அஞ்சையும் படிச்சியா கஸ்பாரு?"

"நா படிச்சு என்னாத்துக்கு? பஞ்சரு ஒட்டறதுக்கு நேரமில்ல."

"கீழ ஒரு வரி போட்டிருக்குதே."

"அது சும்மா போடறதுண்ணா. சினிமாக் கொட்டாயில புகை பிடிக்காதீங்கன்னு போடல?"

"நா இன்னும் படிச்சு முடிக்கல" என்றார் சவுரியப்பன். கஸ்பார் சீட்டைத் தொடைமேல் தட்டிக்கொண்டார். "உங்களப் பத்தித் தப்பா எழுதுன புஸ்தகத்த நீங்க எதுக்குப் படிக்கணும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

படித்தார். ஐந்தையும் இரண்டு முறை. நோட்டில் ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கி, கோடு போட்டுக்கொண்டே வந்தார். நாற்பத்தொன்றாம் பக்கத்துக்கு வந்தபோது, மற்றக் கவிதைகளுக்கு வைத்த சோதனையையே அதற்கும் வைத்தார். ரயில் போன பிறகு நான்கு வரியும் அப்படியே நின்றன. மறுநாள் வேண்டுமென்றே ஒரு முறைகேடு செய்தார். அந்தக் கவிதையை ஒரே ஒரு தடவை, அதுவும் வேகமாகப் படித்துவிட்டு, ஐம்பத்திரண்டு வாகன் கோத்த நீளச் சரக்கு வண்டிக்குக் கொடியோடு போய் நின்றார். கடைசி வாகன் போய்த் தூசி அடங்கிய பிறகும், கடைசி வரி அவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டுதான் இருந்தது. வேறு எந்த நூலிலும் எந்தக் கவிதையும் அப்படி நிற்கவில்லை. மூன்றாம் நூலில் கிணற்றைப் பற்றிய ஒரு கவிதை கிட்டத்தட்ட வந்தது. இரண்டு வரி குறைந்தது.

வீட்டில் மனைவி தங்கம்மாள் அந்த நோட்டை எட்டிப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். கோடு எண்ணவும் தெரியும்.

"கோடு அந்த வாத்தியாரு புஸ்தகத்துக்குத்தான் ஜாஸ்தியா இருக்குது."

"ஆமா."

"உங்களக் கொலகாரன்னு எழுதி வெச்சிருக்கறாரு அந்தாளு. அதுக்கு ஓட்டாங்க? ஜெயிச்சா ரெண்டாயிரம் புஸ்தகம் போடுவாங்கன்னு நீங்கதான சொன்னீங்க? மேட்டூரு, கோயமுத்தூரு, எங்க போனாலும் கேட்டத் தொறந்து போட்டவன் பொண்டாட்டின்னு நா நிக்கணுமா?"

சவுரியப்பன் நோட்டை மூடி வைத்தார்.

"கேட்டு தொறந்திருந்துச்சுன்னு எழுதினது தப்பு. கடைசியில கேட்டிருக்கறாரு பாரு, அது தப்பில்ல. விசாரணையில ஆபீசருங்க மூணு பேரு உக்காந்து நேரம் கேட்டாங்க, நம்பரு கேட்டாங்க. அத மட்டும் ஒருத்தரும் கேக்கல."

"அப்ப வேற எதுக்காவது போடுங்க. இல்லாட்டி சும்மா இருங்க. போடாம இருந்தா யாரு கேக்கப்போறாங்க?"

"அஞ்சையும் படிச்சிட்டனே" என்றார்.

தங்கம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போனார். மறுநாள் சோறு கட்டிக் கொடுத்தபோதும் பேசவில்லை. ஆனால் சீட்டை வெட்டச் சவுரியப்பன் கத்தரிக்கோல் தேடியபோது, எங்கே இருக்கிறது என்று கையால் காட்டினார்.

பெரியண்ணனிடம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டால் என்ன என்று சவுரியப்பனுக்குத் தோன்றாமல் இல்லை. நேரமும் எண்ணும் அவர் நோட்டில் இருக்கின்றன. ஆசிரியர் தினமும் கேட்டில்தான் நிற்கிறார். ஆனால் நூல் வந்த நாளிலிருந்து சைக்கிளைத் தள்ளி நிறுத்திக்கொண்டு வேறு பக்கம் பார்க்கிறார். சீட்டு கையில் இருக்கும்போது போய்ச் சொன்னால் அது பேரம்போல் ஆகிவிடும் என்று சவுரியப்பன் நினைத்தார். முதலில் வாக்கு போகட்டும்.

ஆகஸ்டு 28, திங்கட்கிழமை காலை, வேலைக்கு வரும் வழியில் நிலையத்துத் தபால் பெட்டியில் உறையைப் போட்டார். அன்றைய பாசஞ்சரில் தபால் பை ஏறும். அது பதினொன்று இருபதுக்குக் கேட்டைத் தாண்டும். பதினொன்று பத்துக்கு மணி அடித்தது. கட்டையை இறக்கி, பூட்டி, எண்ணைச் சொல்லித் தாளில் அடித்தார். வெளியே வந்தால் கட்டைக்கு அப்பால் பெரியண்ணன் சைக்கிளோடு நின்றார். பள்ளி வேலையாக மொரப்பூர் போகிறவர். வேறு யாரும் இல்லாததால் இந்த முறை முகத்தைத் திருப்ப இடமில்லை.

"கஸ்பார் உங்ககிட்ட வந்து சீட்டு கேட்டாராமே. நான் அனுப்பலைங்க" என்றார் ஆசிரியர்.

"தெரியுமுங்க சார்."

"நீங்க எனக்குப் போட மாட்டீங்க. அதுல எனக்கு வருத்தமில்ல. ஆனா நான் பாத்ததத்தான் எழுதினேன்."

"இந்த வண்டி போவட்டும்ங்க சார்."

பாசஞ்சர் வந்தது. சவுரியப்பன் பச்சைக் கொடியை நீட்டிப் பிடித்தபடி நின்றார். ஒவ்வொரு பெட்டியாகப் போனது, தபால் பெட்டியும் போனது. கடைசிப் பெட்டியில் கார்டு தம் கொடியை ஆட்டினார். சவுரியப்பன் கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, இருபுறமும் கட்டையைத் தூக்கினார். ஆசிரியர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தார்.

"சார், நீங்க பாத்தப்ப கேட்டு தொறந்துதான் இருந்துச்சுங்க. அது பொய்யில்ல. நீங்க பஸ்ஸுல வரதுக்கு முன்ன நடந்தது இதுல இருக்குது."

நோட்டின் பின்பக்கத்தைத் திறந்து ஆசிரியர் கையில் கொடுத்தார். பதிவேட்டிலிருந்து 1968இல் எடுத்து எழுதி வைத்த வரிகள்:

*10.41. கேட் மூடி, எண் 47 சொன்னது.*
*10.49. சரக்கு வண்டி.*
*10.50. கேட் திறப்பு. ஆளை ஏற்ற வண்டி தேடி.*
*10.56. அரூர் பஸ்.*

ஆசிரியர் அதை இரண்டு முறை படித்தார். "நாலு வருசமா இத ஏங்க எனக்குக் காட்டல?"

"கவித வர்றதுக்கு முன்ன யாரும் எங்கிட்ட கேக்கலீங்க. வந்தப்பறம் ஓட்டுச் சீட்டு வந்திருச்சு. அது இப்பத்தான் ரயிலேறிப் போவுதுங்க."

"யாருக்கு…" என்று தொடங்கிய பெரியண்ணன் நிறுத்திக்கொண்டார். நோட்டின் முன்பக்கங்கள் காற்றில் புரண்டு, ஐந்து நூல்களின் பெயரும் அவற்றின் கீழே கோடுகளும் தெரிந்தன. 'புளியங்காலம்' என்ற பெயரின் கீழே இடமில்லாமல் ஓரத்திலும் கோடு போட்டிருந்தது. அவர் பழையபடி பின்பக்கத்தைத் திருப்பினார். நான்கு நேரக் குறிப்புகளுக்கும் கீழே, பதிவேட்டில் இல்லாத ஒரு வரி, பென்சிலில் அழுத்தி எழுதியது, முதலில் அவர் கண்ணில் படாதது, இருந்தது.

*சிவப்பு காட்டினேன். பத்தடி தூரம்தான். ஓடிப் பிடிக்கவில்லை.*

அவர் ஏதோ சொல்லத் தலை நிமிர்ந்தபோது எதிரே சவுரியப்பன் இல்லை. மேற்கே சாலையிலிருந்து ராமக்காள் என்ற கிழங்குக்காரி, கண்ணை மறைக்கும் கூடையோடு கேட்டுக்குள் வந்துகொண்டிருந்தாள். சவுரியப்பன் அவளை எதிர்கொண்டு போய், வடக்கே ஒரு முறை, தெற்கே ஒரு முறை பார்த்துவிட்டு, கூடையின் விளிம்புக்குக் கீழே, தொடாமல், ஒரு கையை ஏந்திப் பிடித்தபடி அவளோடு தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருந்தார்.